கொசு விரட்டியும் மலையேற்றச் சாமான்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒவ்வொரு ட்ரெக்குக்கும் முந்தைய வெள்ளிக்கிழமை இரவு என் வாட்ஸ்அப்பில் ஒரே மாதிரி கேள்விகள் வரும். அட்டை இருக்குமா, கொசு கடிக்குமா, என்ன தடவிக்கொள்வது, தடவினால் புது ஜாக்கெட் கெட்டுப்போகுமாமே? கடைசிக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்லி முடிவதில்லை. அதனால் இதுவரை கேட்டவை எல்லாவற்றையும் சேர்த்து இங்கே எழுதி வைக்கிறேன். மேற்குத் தொடர்ச்சி மலையில் நடப்பவர்கள், பாறை ஏறுபவர்கள், சைக்கிளிலோ பைக்கிலோ மலைக்குப் போகிறவர்கள், இவர்களை மனதில் வைத்து எழுதியது.

கொசு விரட்டி பிளாஸ்டிக்கை உருக்கும் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். ஆனால் எல்லா விரட்டியும் உருக்காது, எல்லா பிளாஸ்டிக்கும் உருகாது.

நான் இதைக் கற்றுக்கொண்டது வால்பாறைப் பக்கம் ஒரு முகாமில். இருட்டிக்கொண்டு வந்தது. கை, கழுத்து எல்லாம் ஸ்ப்ரேயைத் தேய்த்துவிட்டு, அதே கையோடு ஹெட் டார்ச்சை எடுத்து நெற்றியில் மாட்டினேன். காலையில் பார்த்தால் டார்ச்சின் முன்பக்கக் கண்ணாடியில் என் கட்டைவிரல் ரேகை இருக்கிறது. பத்திரப்பதிவில் மை உருட்டி எடுப்பார்களே, அந்த மாதிரி ஒவ்வொரு கோடும் தெளிவாக. துடைத்தேன், போகவில்லை. சோப்பு போட்டேன், அப்போதும் போகவில்லை. அழுக்காக இருந்தால்தானே போகும்? பிளாஸ்டிக்கே இளகி, விரலின் அச்சை வாங்கிக்கொண்டு, திரும்ப இறுகிவிட்டது. அந்த டார்ச் இன்னும் எரிகிறது; வெளிச்சத்தின் நடுவில் மட்டும் ஒரு மங்கல்.

அந்த ஸ்ப்ரேயில் இருந்த மருந்தின் பெயர் டீட்.

டீட் என்றால் என்ன? அது ஏன் பிளாஸ்டிக்கோடு வம்புக்குப் போகிறது?

1946-ல் அமெரிக்க ராணுவத்துக்காக உருவாக்கிய பூச்சி விரட்டி அது. 1957-ல் பொதுமக்கள் விற்பனைக்கு வந்தது. இத்தனை வருடங்களுக்குப் பிறகும் கொசுவுக்கும் உண்ணிக்கும் நம்பி எடுத்துப் போகக்கூடிய மருந்துகளில் முதல் வரிசையில் இருக்கிறது. தோலில் சொன்னபடி தடவினால் பெரும்பாலானவர்களுக்குத் தொல்லை தருவதில்லை. ஆனால் வேதியியல்படி பார்த்தால் அது ஒரு நல்ல கரைப்பானும்கூட.

பிளாஸ்டிக் என்பது நீளநீளமான மூலக்கூறு இழைகள். சில பிளாஸ்டிக்கில் இந்த இழைகள் இடியாப்பம் மாதிரி தாறுமாறாகச் சுருண்டு கிடக்கும். தேங்காய்ப்பால் இடியாப்பத்துக்குள் இறங்குவது போல டீட் அதற்குள் இறங்கி, இழைகளை விலக்கி, ஊறவைத்துவிடும். நைலான் மாதிரி சிலவற்றில் இழைகள் விறகுக் கட்டு போல நெருக்கி அடுக்கியிருக்கும். அங்கே டீட் நுழைய இடம் கிடைப்பது கஷ்டம்.

இன்னொன்று, பெட்ரோலோ தின்னரோ பட்டால் கொஞ்ச நேரத்தில் ஆவியாகிவிடும். டீட்டின் கொதிநிலை 280 டிகிரி செல்சியஸுக்கு மேல். பட்ட இடத்தில் அப்படியே உட்கார்ந்து நிதானமாக வேலை செய்யும். ராத்திரி பட்ட விரல் காலையில் அச்சாகத் தெரிந்தது அதனால்தான்.

சரி, என் பையில் இருப்பவற்றில் எது கெடும், எது தாங்கும்?

கெடுபவை: மூக்குக்கண்ணாடியின் பிளாஸ்டிக் ஃபிரேம், கூலிங் கிளாஸின் பாலிகார்பனேட் லென்ஸ், ஹெட் டார்ச், ரெசின் பட்டை போட்ட வாட்ச், போன் கவர், பிவிசி ஜன்னல் வைத்த டென்ட், காற்றடைத்த மெத்தை, பேட்மிண்டன் ராக்கெட்டின் கிரிப் டேப், ரப்பர் பிடி உள்ள கேமரா. லைக்ரா கலந்த உடைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சைக்கிள் ஷார்ட்ஸ், லெகிங்ஸ், நீச்சலுடை இவற்றின் இழுவை போய்த் தொளதொளத்துவிடும். தூண்டில்காரர்கள் வைத்திருக்கும் மெத்தென்ற பிளாஸ்டிக் புழு, மீன் பொம்மைகளும் பிசுபிசுத்துவிடும். ரேயான், அசிட்டேட் துணி, வார்னிஷ் அடித்த மரம், பெயின்ட், தோல் சாமான் ஆகியவையும் கெடும். பைக்கின் பெட்ரோல் டேங்க் மேல் பாட்டிலைச் சாய்த்து வைக்க வேண்டாம்.

தாங்குபவை: பருத்தி, கம்பளி, நைலான் துணி. பாலியஸ்டர் டி-ஷர்ட்டும் பொதுவாகத் தாங்கும். உலோகம், நிஜக் கண்ணாடி, பாலிஎத்திலீன், பாலிபுரோப்பிலீன். காயாக் படகுகளில் பெரும்பாலானவை பாலிஎத்திலீன்தான் என்பதால் படகுக்குப் பயமில்லை. படகில் உட்கார்ந்திருப்பவரின் கூலிங் கிளாஸுக்குத்தான்.

பை நைலானாக இருந்தாலும் முழுப் பையும் நைலான் இல்லை என்பதை மறந்துவிடாதீர்கள். பக்கிள், ஜிப்பின் ரப்பர் பூச்சு, உள்பக்கத்து நீர்த்தடைப் பூச்சு எல்லாம் வேறு வேறு பொருள்கள்.

பிளாஸ்டிக்கை உருக்கும் என்றால் அதையே ஏன் பிளாஸ்டிக் பாட்டிலில் அடைத்து விற்கிறார்கள்?

மடக்குவதற்காகக் கேட்கும் கேள்வி என்றாலும் நல்ல கேள்வி. அந்த பாட்டில் பாலிஎத்திலீன் அல்லது அதுபோல டீட்டுக்கு அசையாத ரகம். பாட்டிலின் அடியில் முக்கோணத்துக்குள் ஒரு எண் இருக்கும். 2 என்றால் அடர்த்தி அதிகமான பாலிஎத்திலீன், 5 என்றால் பாலிபுரோப்பிலீன். பெரிய பாட்டிலில் இருந்து சின்னதுக்கு மாற்றி எடுத்துப் போகிறவர்கள் இந்த எண்ணைப் பாருங்கள். 6 போட்ட பாலிஸ்டைரீன் டப்பாவில் ஊற்றினால் டப்பா பைக்குள்ளேயே கதையை முடித்துவிடும்.

வீட்டில் பரிசோதித்துப் பார்க்க ஆசை இருந்தால், பழைய தெர்மாகோல் துண்டு ஒன்றில் ஒரு சொட்டு விட்டுவிட்டு வேலையைப் பாருங்கள். திரும்பி வரும்போது புரிந்துவிடும். ஹெல்மெட்டில் மட்டும் சோதித்துப் பார்க்காதீர்கள்.

ஹெல்மெட்டுக்கு ஏன் இவ்வளவு பயமுறுத்துகிறீர்கள்?

வாட்ச் பட்டை உருகினால் காசு நஷ்டம். ஹெல்மெட் உருகினால் கணக்கு வேறு. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

சைக்கிள் ஹெல்மெட்டோ பைக் ஹெல்மெட்டோ, உள்ளே இருப்பது அழுத்தமான தெர்மாகோல், அதாவது பாலிஸ்டைரீன் நுரை. விழும்போது அடியை வாங்கி நசுங்கி, தலைக்கு வரும் வேகத்தைக் குறைப்பது அதுதான். பாறை ஏறும் ஹெல்மெட்டுகளிலும் பலவற்றில் இதே நுரை உண்டு. மேல் ஓடு பாலிகார்பனேட் அல்லது ஏபிஎஸ் என்ற கெட்டி பிளாஸ்டிக். டீட்டுக்கு இவை மூன்றுமே பிடித்த சாப்பாடு.

சிக்கல் என்னவென்றால், கெட்டது வெளியே தெரியவேண்டும் என்று கட்டாயமில்லை. நெற்றியில் தடவிய மருந்து வியர்வையோடு பஞ்சுக்குள் இறங்கி, அங்கிருந்து நுரையைத் தொடும். பஞ்சைக் கழற்றிப் பார்க்கிறவர்கள் எத்தனை பேர்? பாலிகார்பனேட் ஓடு இன்னொரு விதத்தில் கெடும். கரைப்பான் பட்ட இடத்தில் இழுவிசை இருந்தால் மயிரிழை விரிசல்கள் ஓடும். ஸ்க்ரூ இருக்கும் இடம், பட்டை கோத்த துளை, இங்கெல்லாம் இழுவிசை எப்போதும் இருக்கிறது.

அதனால் ஹெல்மெட் போடும் நாளில் நெற்றியிலும் தாடைப் பட்டை படும் இடத்திலும் டீட் தடவாதீர்கள். தலைமுடியில் ஸ்ப்ரே அடிக்கவே வேண்டாம். ஹெல்மெட்டின் மேல் கொட்டியிருந்தால், நுரை பளபளத்தோ குழிந்தோ ஒட்டியோ இருந்தால், ஓடு வெளிறியிருந்தால், அதை ஓய்வுக்கு அனுப்பிவிடுங்கள். வேறு யாருக்கும் தானமாகவும் கொடுக்க வேண்டாம்.

கயிறு, ஹார்னஸ், ஸ்லிங் மேல் பட்டால்?

ஏறும் கயிறு நைலான். இடுப்பில் கட்டும் ஹார்னஸும், பட்டை வளையமான ஸ்லிங்கும் நைலான், பாலியஸ்டர், அல்லது டைனீமா எனப்படும் பாலிஎத்திலீன் இழை. இவை டீட்டில் கரைகிற ரகம் இல்லை. மருந்து தடவிய கையால் கயிற்றைத் தொட்டுவிட்டேனே என்று தூக்கம் கெட வேண்டாம். அதற்காகக் கயிற்றுப் பைக்குள் விரட்டி பாட்டிலைப் போடலாம் என்று அர்த்தம் ஆகாது. ஸ்ப்ரேயில் டீட் மட்டுமா இருக்கிறது? ஆல்கஹால், வாசனை, இன்னும் என்னென்னவோ. கயிறு தயாரிக்கும் நிறுவனங்கள் எல்லாமே ரசாயனம் எதுவும் படாமல் வையுங்கள் என்றுதான் கையேட்டில் எழுதுகின்றன.

கயிற்றுக்கு உண்மையான எமன் அமிலம். கார் டிக்கியில் பழைய பேட்டரிக்குப் பக்கத்தில் கயிற்றைப் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பேட்டரி அமிலமும் அதன் ஆவியும் நைலானை உள்ளுக்குள்ளேயே அறுத்துவிடும். பார்வைக்குக் கயிறு புதுசு மாதிரியே இருக்கும்.

நம் ஊர் மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் கிரீமில் டீட் இருக்கிறதா?

பலவற்றில் இல்லை. ஓடோமாஸ் கிரீமில் இருப்பது என்,என்-டைஎத்தில் பென்சமைடு. அது டீட்டின் பங்காளி. மூலக்கூறு அமைப்பில் சின்ன வித்தியாசம்தான். அதனால் பிளாஸ்டிக் விஷயத்தில் நான் இரண்டையும் ஒரே தராசில் வைக்கிறேன். கிரீமில் மருந்தின் அளவு குறைவு, சொட்டாது, தெறிக்காது என்பது ஒரு வசதி.

இதே குடும்பத்தில் டெபா என்று ஒன்று உண்டு. குவாலியரில் உள்ள நம் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் உருவானது. கர்நாடகத்தில் குரங்குக் காய்ச்சல் வரும் பகுதிகளில் காட்டுக்குள் போகும் மக்களுக்குச் சுகாதாரத் துறை டெபா எண்ணெய் கொடுத்துவருகிறது.

எதை வாங்கினாலும் முன்பக்கத்து இலைப் படத்தைப் பார்க்காமல் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படியுங்கள். என்ன மருந்து, எத்தனை சதவீதம் என்று அங்கேதான் இருக்கும்.

பிளாஸ்டிக்கைத் தொடாத மருந்து என்று ஒன்று உண்டா?

உண்டு. பிக்காரிடின். சில லேபிள்களில் ஐகாரிடின் என்று போட்டிருக்கும். 1980-களில் பேயர் நிறுவனம் உருவாக்கியது. அமெரிக்காவில் 2005-ல் விற்பனைக்கு வந்தது. பிளாஸ்டிக்கையும் செயற்கை இழையையும் கரைப்பதில்லை, வாசனை அவ்வளவாக இல்லை, தோலில் எண்ணெய்ப் பிசுக்கும் இல்லை. 20 சதவீதம் உள்ள ஸ்ப்ரே பல மணி நேரம் தாங்கும். நான் ஹெல்மெட் போடும் நாட்களில் இதைத்தான் எடுத்துப் போகிறேன். கொஞ்சம் விலை கூடத்தான். ஒரு ஹெல்மெட்டின் விலையோடு ஒப்பிட்டுப் பார்த்தால் பெரிதில்லை.

டீட்தான் வாங்கப்போகிறீர்கள் என்றால் 20 முதல் 30 சதவீதம் போதும். சதவீதம் ஏறினால் கொசு அதிகமாக ஓடாது. பாதுகாப்பு நீடிக்கும் நேரம்தான் கூடும், அதுவும் 50 சதவீதத்துக்கு மேல் கிட்டத்தட்ட நின்றுவிடும். 100 சதவீதம் என்று எழுதிய பாட்டிலை வாங்குவது உங்கள் வாட்சுக்கு நீங்களே வைக்கும் சூனியம்.

நான் இயற்கைதான். ஊட்டியில் வாங்கிய நீலகிரித் தைலம் இருக்கிறது. அது போதாதா?

கொசுவுக்குப் போதாது, பிளாஸ்டிக்குக்கு அதிகம்.

நீலகிரித் தைலம் வேகமாக ஆவியாகிவிடும். வாசனை குறையக் குறையக் கொசு திரும்பி வரும். சிட்ரோனெல்லா எண்ணெயும் துணியில் நாலு சொட்டு வைக்கும் ரோல்-ஆன்களும் இதே கதைதான். மாலை நேரம் மொட்டை மாடியில் உட்காரச் சரி, சோலைக்காட்டில் எட்டு மணி நேரம் நடக்கச் சரிவராது. வெளிநாட்டு விரட்டிகளில் ‘எலுமிச்சை யூகலிப்டஸ் எண்ணெய்’ என்று போட்டிருக்கும். அது நம் தைலம் இல்லை. வேறொரு யூகலிப்டஸ் இனத்தின் எண்ணெயில் இருந்து பிஎம்டி என்ற பொருளைச் செறிவாக்கி எடுத்தது. அது நன்றாகவே வேலை செய்யும். மூன்று வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளுக்கு மட்டும் கூடாது.

பிளாஸ்டிக் விஷயத்துக்கு வருவோம். புதுப் பாத்திரத்தில் ஒட்டிய ஸ்டிக்கர் பசையை எடுக்க நீலகிரித் தைலம் போடுவோம், இல்லையா? பசையைக் கரைக்கிற அதே குணம் தெர்மாகோலையும் கரைக்கும். இயற்கையாக விளைந்தது என்பதால் உங்கள் ஹெல்மெட் நுரை அதற்கு மரியாதை கொடுத்து விலகி நிற்காது. வேப்பெண்ணெய் பிளாஸ்டிக்கைக் கரைக்காது. ஆனால் ரெயின் ஜாக்கெட்டில் பட்டால் அந்த இடத்தில் தண்ணீர் உருண்டு ஓடாமல் ஊற ஆரம்பிக்கும், நாற்றமும் லேசில் போகாது.

தடவும்போது என்ன வரிசை? எதை முதலில் செய்வது?

எல்லாவற்றையும் கெடுப்பது உள்ளங்கைதான். கெட்டுப்போன சாமான்களை என்னிடம் கொண்டுவந்து காட்டியவர்களில் யாருமே அதன்மேல் நேராக ஸ்ப்ரே அடித்தவர்கள் இல்லை. தடவினார்கள், தொட்டார்கள், அவ்வளவுதான்.

நான் செய்வது இது. முதலில் உடை, ஷூ, பை, வாட்ச் எல்லாவற்றையும் மாட்டி, பட்டைகளை இறுக்கி, போனில் பார்க்க வேண்டியதைப் பார்த்து முடித்துவிடுவேன். வாட்சைக் கைப்பட்டிக்கு மேல், சட்டைக் கைக்கு வெளியே கட்டிக்கொள்வேன். அப்புறம் சாமான்களை விட்டு நாலடி தள்ளி, காற்று வீசும் பக்கம் பார்த்து நின்று, ஒரு புறங்கையில் மருந்தை எடுத்து அதாலேயே மற்ற கையில் தேய்ப்பேன். புறங்கையால் தேய்ப்பது முதல் நாள் கோமாளித்தனமாக இருக்கும், இரண்டாம் நாள் பழகிவிடும். முகத்துக்கு நேராக ஸ்ப்ரே அடிக்கக் கூடாது. விரல் நுனியில் கொஞ்சம் எடுத்து, கண்ணையும் உதட்டையும் விட்டுவிட்டுத் தடவ வேண்டும். உடை மூடியிருக்கும் இடத்தில் தடவவே தேவையில்லை. பையின் தோள்பட்டை உரசும் இடத்தையும் விட்டுவிடுங்கள்.

கடைசியில் உள்ளங்கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். டீட் தண்ணீரில் சரியாகக் கரையாது, அதனால் வெறும் தண்ணீர் போதாது. சானிடைசர் ஊற்றித் தேய்த்தால் மருந்து கையில் பரவும், போகாது. சோப்புக்கு வழியில்லாத இடத்தில் ஈரத்துணியால் அழுத்தித் துடைத்து, அந்தத் துணியைத் தனி ஜிப் கவரில் போடுங்கள். தண்ணீர்ப் பையின் உறிஞ்சு குழாயை அதுவரை தொடாதீர்கள், அது வாய்க்குள் போகிற சாமான்.

சன்ஸ்கிரீனும் போட வேண்டுமே?

முதலில் சன்ஸ்கிரீன், அது காய்ந்த பிறகு விரட்டி. டீட் சன்ஸ்கிரீனின் பாதுகாப்பைக் கொஞ்சம் குறைக்கும் என்பதால் வெயிலில் சன்ஸ்கிரீனை அடிக்கடி போட நேரும். இரண்டும் கலந்த ஒரே டியூபை வாங்க வேண்டாம். சன்ஸ்கிரீனுக்காக இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை போட்டால் விரட்டி தேவைக்கு மேல் ஏறிவிடும்.

உடையிலேயே தெளித்துவிடும் மருந்து ஏதோ இருக்கிறதாமே?

பெர்மெத்ரின். துணிக்கென்று வரும் ஸ்ப்ரேயில் 0.5 சதவீதம் இருக்கும். சட்டை, பேன்ட், சாக்ஸ், ஷூ, டென்ட்டின் வெளிப்பக்கம் ஆகியவற்றில் அடித்து, நன்றாகக் காயவிட்டு உடுத்த வேண்டும். தோலில் போடக் கூடாது. செயற்கை இழையைக் கெடுக்காது. கிட்டத்தட்ட ஆறு சலவை வரை துணியில் நிற்கும். உண்ணியும் மைட் என்ற நுண்பூச்சியின் புழுவும் ஏறும் வழி கால்தான் என்பதால் சாக்ஸிலும் பேன்ட் அடியிலும் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

ஈரமாக இருக்கும்போது பூனைக்கு ஆபத்து. பூனையின் உடலால் இதைச் சிதைத்து வெளியேற்ற முடியாது. மீனுக்கும் நஞ்சு. தெளித்த துணியை ஓடையில் அலசாதீர்கள்.

தோலில் போடக் கூடாது என்கிறீர்கள். சிரங்குக்கு டாக்டர் பெர்மெத்ரின் கிரீம்தானே கொடுத்தார்?

ஆமாம், 5 சதவீதக் கிரீம். அது தோலுக்கென்றே தயாரித்தது, டாக்டர் சொன்ன முறைப்படி பூசிக் கழுவிவிடுவது. துணி ஸ்ப்ரே அப்படித் தயாரித்தது இல்லை. அதோடு பெர்மெத்ரினைத் தோலில் பூசினால் கொசு விரட்டியாக அது நிற்பதும் இல்லை.

உரக்கடையில் பெர்மெத்ரின் மலிவாகக் கிடைக்கிறது. தண்ணீர் கலந்து அடித்துக்கொள்ளலாமா?

வேண்டாம். வயலுக்கு அடிக்கும் மருந்தில் நஞ்சோடு எண்ணெய்க் கரைப்பான்களும் கலந்திருக்கும். அவை தோலுக்கும் மூச்சுக்கும் கேடு, உங்கள் டென்ட் பூச்சுக்கும் கேடு.

அட்டைக்கு மூக்குப்பொடி, உப்பு, சுண்ணாம்பு. இவை சாமான்களைக் கெடுக்குமா?

கேட்க வேண்டிய கேள்வி, யாரும் கேட்பதில்லை. மழைக்காலத்தில் ஆனைமலைப் பக்கம் நடந்தவர்களுக்குத் தெரியும், ஒவ்வொரு வழிகாட்டியிடமும் ஒரு ரகசியக் கலவை இருக்கும். மூக்குப்பொடியைத் தேங்காய் எண்ணெயில் குழைப்பார்கள், உப்பைத் துணியில் முடிந்து குச்சியில் கட்டிக்கொள்வார்கள், சிலர் சுண்ணாம்பும் புகையிலையும் சேர்த்துப் பூசுவார்கள்.

உப்பு முடிச்சு அட்டைக்கு நன்றாக வேலை செய்யும். ஆனால் உப்புத் தண்ணீர் பட்ட காரபினர் என்ற அலுமினியக் கொக்கியையும் நடைக்கம்பையும் அன்றே நல்ல தண்ணீரில் கழுவாவிட்டால் வெள்ளை வெள்ளையாக அரிக்கும். சுண்ணாம்பு அலுமினியத்துக்கு இன்னும் மோசம். நைலானுக்கு அமிலம் எப்படியோ பாலியஸ்டருக்குக் காரம் அப்படி, சுண்ணாம்பு காரம்தான். புகையிலைத் தண்ணீர் துணியைக் கெடுக்காது, கறை மட்டும் போகாது. ஈரத் தோலில் நிகோடின் உள்ளே இறங்கும், தலைசுற்றல், வாந்தி வரலாம் என்பதால் நான் அதைத் தவிர்க்கிறேன்.

என் யோசனை, முழங்கால் வரை வரும் அட்டை சாக்ஸ். நெருக்கமான பருத்தி நெசவு, மேலே நாடா. அதன் வெளிப்பக்கத்தில், கணுக்காலைச் சுற்றி டீட் தடவினால் அட்டை பெரும்பாலும் திரும்பிப் போகும். பருத்தி என்பதால் பயமில்லை. லைக்ரா கலந்த விளையாட்டு சாக்ஸில் இதைச் செய்தால் நாலு ட்ரெக்கில் சாக்ஸ் கணுக்காலில் வந்து உட்கார்ந்துவிடும்.

டென்ட்டுக்குள் கொசுவத்தி ஏற்றலாமா? கரப்பான் ஸ்ப்ரே அடிக்கலாமா?

இரண்டும் கூடாது. மூடிய டென்ட்டில் கொசுவத்திப் புகையைச் சுவாசித்துக்கொண்டு தூங்குவது நுரையீரலுக்குக் கேடு, கார்பன் மோனாக்சைடும் சேரும். கங்கு ஒன்று விழுந்தால் நைலான் உருகிச் சொட்டும். கரப்பான் ஸ்ப்ரேக்கள் பலவற்றில் மண்ணெண்ணெய் வகை எண்ணெய் இருக்கிறது, தீப்பிடிக்கும். டென்ட்டின் வலையை எப்போதும் இழுத்து மூடுங்கள். உள்ளே நுழைந்த ஒன்றிரண்டைக் கையால் அடித்தால் போதும். தடவிய மருந்தைத் துடைத்துவிட்டு ஸ்லீப்பிங் பேக்குக்குள் போங்கள். முழங்கையில் இருக்கும் டீட் ராத்திரி முழுக்கக் காற்று மெத்தையில் உரசிக்கொண்டிருக்கும்.

இவ்வளவு தொல்லை என்றால் விரட்டியே வேண்டாம் என்று விட்டுவிடலாமே?

அதைச் சொல்லிவிடுவீர்களோ என்றுதான் பயந்தேன். தமிழ்நாட்டில் ஸ்க்ரப் டைஃபஸ், நம் ஆட்கள் சொல்லும் உண்ணிக் காய்ச்சல், வேலூர் பக்கமும் இன்னும் பல மாவட்டங்களிலும் வருகிறது. புதர்ச் செடியில் இருக்கும், கண்ணுக்கே தெரியாத மைட் புழு கடித்து வருவது. கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்ட மாதிரி ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கும். அது பெரும்பாலும் அக்குள், இடுப்பு மடிப்பு மாதிரி பார்க்காத இடத்தில் இருக்கும். குரங்குக் காய்ச்சல் 1957-ல் சிவமொக்கா மாவட்டத்தின் கியாசனூர் காட்டில் கண்டுபிடிக்கப்பட்டது. அது உண்ணி மூலம் பரவுகிறது. டெங்கு கொசு பகலிலேயே கடிக்கும். ட்ரெக் முடிந்த இரண்டு, மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் காட்டுக்குப் போனதை டாக்டரிடம் முதல் வரியிலேயே சொல்லுங்கள்.

ஆக, விரட்டி கட்டாயம்.

குழந்தைகளைக் கூட்டிப் போகிறோம், என்ன தடவுவது?

இரண்டு மாதத்துக்குக் கீழ் எதுவும் கூடாது. முழுக்கை உடையும் வலையும்தான். அதற்கு மேல் பிக்காரிடினோ, 30 சதவீதத்துக்கு மிகாத டீட்டோ தடவலாம். பெரியவர்கள் தடவிவிட வேண்டும், குழந்தையின் உள்ளங்கையில் கூடாது. அந்தக் கை எந்த நேரமும் வாய்க்குப் போகும்.

பழைய ரெயின் ஜாக்கெட்டின் உள்பக்கம் பிசுபிசுத்துத் தோல் உரிகிறது. விரட்டிதான் காரணமா?

அநேகமாக இல்லை. ஜாக்கெட்டின் உள்பக்கத்துப் பாலியூரித்தேன் பூச்சு காற்றின் ஈரத்தாலேயே சிதையும். சென்னைப் புழுக்கத்தில் பீரோவுக்குள் மடித்து வைத்த ஜாக்கெட்டுக்கு நடப்பது அதுதான். இரண்டு வருடம் எடுக்காத ட்ரெக்கிங் ஷூவைப் போட்டு நடந்தால் பாதி வழியில் அடிப்பாகம் கழன்று வருகிறதே, அதுவும் இதே வியாதி. விரட்டி பட்ட சேதம் திட்டுத்திட்டாக, விரல் பட்ட இடம், கழுத்துப் பட்டை, கைப்பட்டி என்று இருக்கும். முழுதும் ஒரே மாதிரி உரிந்தால் பழி ஈரத்துக்கு.

பைக்குள் பாட்டில் திறந்து கொட்டிவிட்டது. உடனே என்ன செய்வது?

தேய்க்காதீர்கள், ஒற்றி எடுங்கள். டிஷ்யூவோ பழைய பருத்தித் துணியோ போதும். பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பைக் கலந்து இரண்டு முறை கழுவி, நிழலில் காயவையுங்கள். நெயில் பாலிஷ் ரிமூவர், தின்னர், பெட்ரோல் வைத்துத் துடைத்தால் டீட் செய்யாத மிச்சத்தையும் அவை செய்து முடிக்கும். ஹெல்மெட்டுக்கு மேலே சொன்ன விதிதான். அடுத்த முறை பாட்டிலை இரண்டு ஜிப் கவரில் போட்டு, பையின் வெளிப் பாக்கெட்டில் நிமிர்த்தி வையுங்கள்.

வாட்ச் பட்டை ஏற்கனவே உருகிவிட்டது. ஏதாவது செய்து பழையபடி ஆக்க முடியுமா?

முடியாது. பிசுக்கு இருந்தால் சோப்புத் தண்ணீரில் கழுவி, டால்கம் பவுடர் போட்டு ஒரு வாரம் வையுங்கள். ஒட்டுவது குறையும், அச்சு போகாது. பட்டையை மட்டும் மாற்றலாம். நைலான் துணிப் பட்டையாக வாங்குங்கள்.

என் ஹெட் டார்ச்சை நான் மாற்றவில்லை. புதிதாக வருகிறவர்களிடம் அந்தக் கட்டைவிரல் ரேகையைக் காட்டினால் அரை மணி நேரம் பேசுவது மிச்சம்.